கழுத்துக் குழாய் அடைத்தால் மூளைக்கு என்ன ஆகும்? - ஒரு 350 வருடக் கதை

1924-ம் வருடம் ஜனவரி 22-ம் தேதி. மாஸ்கோவுக்கு வெளியே கோர்க்கி என்ற ஊரில் ஒரு மாளிகை. முந்தைய நாள் மாலை இறந்துபோன லெனினின் உடலைப் பரிசோதிக்க டாக்டர்கள் அங்கே கூடியிருந்தார்கள். அவருக்கு வயது 53தான். மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது, இடப்பக்கக் கழுத்திலிருந்து மூளைக்குள் ஏறும் பெரிய தமனி சுண்ணாம்பு படிந்து கல்லாகிக் கிடந்தது. உள்ளே ரத்தம் போக வழியே இல்லை. இடுக்கியால் தட்டினால் கல்லைத் தட்டுவது போலச் சத்தம் கேட்டது என்று, அப்போது சுகாதார மந்திரியாக இருந்த செமாஷ்கோ எழுதி வைத்திருக்கிறார்.

1922 மே மாதம் லெனினுக்கு முதல் தாக்குதல் வந்தது. அதே டிசம்பரில் அடுத்தது. 1923 மார்ச்சில் வந்தது பேச்சையே பறித்துக்கொண்டு போய்விட்டது. வலது கை, வலது கால் விளங்கவில்லை. உலகத்தையே பேசிப் பேசிப் புரட்டிப்போட்ட மனிதர் கடைசிப் பத்து மாதங்களில் சில சொற்களுக்கு மேல் பேச முடியாமல் இருந்தார்.

இப்போது அங்கிருந்து 260 வருடம் பின்னால் போக வேண்டும். 1664. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற டாக்டர் மூளையின் உடற்கூறு பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு பிரேதப் பரிசோதனை பற்றி எழுதியிருக்கிறார். வயிற்றுக்குள் கட்டி வந்து இறந்துபோன ஒரு மனிதர். அவருடைய மண்டையைத் திறந்தால் வலப்பக்கக் கழுத்துத் தமனி கிட்டத்தட்ட முழுக்க அடைத்து, எலும்பு மாதிரி, இல்லை, கல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு உயிரோடு இருந்த காலத்தில் பக்கவாதம் வந்ததே இல்லை. நடந்தார், பேசினார், வேலை பார்த்தார்.

ஒரே மாதிரி கல். ஒருவருக்குப் பேச்சே போனது, இன்னொருவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன்?

இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் மருத்துவ உலகம் மூன்றரை நூற்றாண்டு அலைந்திருக்கிறது. நடுவில் தப்பான விடையை நம்பி லட்சக்கணக்கானவர்களின் கழுத்தில் கத்தியும் வைத்திருக்கிறது.

முதலில் கொஞ்சம் உடற்கூறு. கவலை வேண்டாம், பத்தாம் வகுப்பு அறிவியலே போதும். மூளைக்கு நான்கு குழாய்கள் வழியாக ரத்தம் போகிறது. முன்கழுத்தில் இருபுறமும் ஒவ்வொன்று. தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்கிறதே, அதுதான். ஆங்கிலத்தில் கரோட்டிட் என்கிறார்கள். மீதி இரண்டும் பின்னால் முதுகெலும்புக்குள் ஒளிந்து ஏறுகின்றன. முன்கழுத்துக் குழாய் தாடை மட்டத்துக்கு வந்ததும் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகும். இன்னொன்று உள்ளே நுழைந்து மூளைக்குப் போகும். கொழுப்பு படிந்து குறுகுவது பெரும்பாலும் இந்தக் கவட்டையில்தான். (லெனினுக்கு அடைத்தது இன்னும் மேலே. அது கொஞ்சம் அபூர்வம்.)

கரோட்டிட் என்ற பெயரே ஒரு கதை. 'மயங்கச் செய்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்தக் குழாயை அழுத்தினால் ஆள் மயங்குவான் என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். ஆனால் கேலன் என்ற மருத்துவர் ரோமாபுரிக் காலத்திலேயே விலங்குகளுக்கு இந்தக் குழாய்களைக் கட்டிப் பார்த்துவிட்டு, விலங்கு பாட்டுக்கு இருக்கிறதே, அப்படியென்றால் மயக்கத்துக்குக் காரணம் பக்கத்தில் ஓடும் நரம்பாகத்தான் இருக்க வேண்டும் என்றார். நரம்பு விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும். குழாயைக் கட்டினாலும் மூளை நிற்கவில்லை என்று அவர் பார்த்தது முக்கியம். ஆக, முதல் துப்பு அப்போதே கிடைத்துவிட்டது. யாரும் அதைத் தொடரவில்லை.

1658-ல் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹௌசன் ஊரில் யோஹான் யாக்கோப் வெப்ஃபர் ஒரு புத்தகம் எழுதினார். திடீரென்று விழுந்து இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்து, உள்ளே ரத்தம் கசிந்திருப்பதைக் காட்டினார். சளி அடைத்துக்கொண்டதால் ஆள் விழுகிறான் என்ற பழைய நம்பிக்கைக்கு அது பெரிய அடி. தமனி அடைத்து ரத்தம் போகாவிட்டாலும் இதே கதி வரலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் லெனின் கேள்விக்குப் பாதி விடை சொன்னவர் வில்லிஸ்தான். நான்கு குழாய்களும் மூளைக்கு அடியில் வந்து ஒரு வளையமாகச் சேர்ந்துகொள்கின்றன என்று அவர் காட்டினார். ஒரு பக்கக் குழாயில் நிறம் கலந்த திரவத்தைச் செலுத்தினால் அது மறுபக்கக் குழாயிலும் வந்தது. அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவர் கிறிஸ்டோபர் ரென். பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென்தான்! இன்றைக்கும் அந்த வளையத்துக்கு 'வில்லிஸ் வட்டம்' என்றே பெயர்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். அண்ணா சாலை அடைத்துவிட்டால் வண்டிகள் வேறு ரோடு பிடித்துச் சுற்றி வந்துவிடுகின்றன. வில்லிஸ் பார்த்த மனிதருக்கும் அதுதான் நடந்திருக்கிறது. அவருக்கு அடைத்த பக்கத்தில் பின்கழுத்துக் குழாய் வழக்கத்தைவிட மூன்று மடங்கு பெரிதாகியிருந்ததாம். பல வருடம் மெல்ல மெல்ல அடைத்ததால், மாற்றுப்பாதை அகலமாகிக்கொள்ள அவகாசம் கிடைத்திருக்கிறது.

அப்படியென்றால் எல்லோரும் தப்பிக்க வேண்டுமே? இங்கேதான் சிக்கல். பாடப்புத்தகத்தில் வரைந்திருப்பது போல முழு வட்டம் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருப்பதில்லை. சிலருக்கு ஒரு இணைப்பு நூல் மாதிரி மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. பிறக்கும்போதே நடக்கும் லாட்டரி இது. சீட்டைப் பிரித்துப் பார்க்கும் வரை யாருக்கு என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது.

1808-ல் லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற அறுவை மருத்துவர், கழுத்துத் தமனி பலூன் மாதிரி வீங்கியிருந்த ஒருவருக்கு அந்தத் தமனியையே நூல் போட்டு இறுக்கிக் கட்டினார். (1805-ல் இதே மாதிரி செய்து அந்த நோயாளி இறந்துபோனார்.) இந்த முறை நோயாளி பிழைத்தார். பிழைத்தது மட்டுமில்லை, அதற்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்தார், 1821 வரை. இதைப் பார்த்து மற்றவர்களும் கட்ட ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சிலர் மறுபக்கம் விளங்காமல் விழுந்தார்கள்.

இத்தனை தெரிந்திருந்தும் அடுத்த நூறு வருடம் பக்கவாதம் என்றால் டாக்டர்கள் மூளையை மட்டும்தான் பார்த்தார்கள். கழுத்தை யாரும் பார்க்கவில்லை. 1905-ல் பிராக் நகரில் ஹான்ஸ் கியாரி என்ற நோயியல் நிபுணர், கழுத்துக் கவட்டையில் புண்ணாகிப்போன கொழுப்புப் படிவுகளைப் பார்த்துவிட்டு, இதிலிருந்து துணுக்குகள் உடைந்து மூளைக்குப் போகலாம் என்று எழுதினார். 1914-ல் நியூயார்க்கில் ராம்சே ஹன்ட், பக்கவாதம் வந்த ஒவ்வொருவருக்கும் கழுத்துத் துடிப்பைத் தொட்டுப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். கேட்பார் இல்லை.

அதற்கு ஒரு காரணம், உயிரோடு இருப்பவரின் கழுத்துக்குள் பார்க்க வழி இல்லாதது. அந்த வழியைத் திறந்தவர் போர்ச்சுகல் நாட்டின் எகாஸ் மோனிஸ். எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய ஒரு உப்புக் கரைசலைக் கழுத்துத் தமனியில் செலுத்திப் படம் எடுப்பது அவர் யோசனை. மூட்டுவாதத்தால் அவர் விரல்கள் கோணியிருந்ததால் ஊசி போட்டவர் அவருடைய உதவியாளர் அல்மெய்டா லிமா. ஆரம்ப முயற்சிகளில் ஒரு நோயாளி இறந்தும் போனார். 1927 ஜூன் 28-ல் முதல்முறையாக உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகள் படத்தில் தெளிவாக விழுந்தன. 1937-ல் மோனிஸ் குழுவினர் கழுத்துத் தமனி அடைத்த நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். (மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காக இல்லை. மனநோய்க்கு மூளையை வெட்டும் முறைக்காக, 1949-ல். இன்றைக்கு அந்தப் பரிசைப் பற்றிப் பேசவே பலருக்குச் சங்கடம். நோபல் குழுவுக்கும் சறுக்கும் போல.)

இப்போது கதாநாயகன் வருகிறார். சார்லஸ் மில்லர் ஃபிஷர், கனடாக்காரர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை டாக்டராகப் போனவர். 1941-ல் அவர் இருந்த கப்பலை ஜெர்மானியர்கள் மூழ்கடித்துவிட, மூன்றரை வருடம் போர்க்கைதியாக ஜெர்மனியில் கிடந்தார். திரும்பி வந்து மாண்ட்ரியாலில் நரம்பியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நோயாளியைப் பார்த்தார். உடம்பின் இடப்பக்கம் விளங்காமல் போயிருந்த அந்த மனிதர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். பக்கவாதம் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கண் இருட்டி இருட்டிச் சரியானதாம். எந்தக் கண் என்றால், வலது கண்.

ஃபிஷருக்குக் குழப்பம். இடப்பக்கம் விழுந்தால் கோளாறு வலப்பக்க மூளையில். அப்படியென்றால் பார்வைக் கோளாறும் இடப்பக்கம்தானே இருக்க வேண்டும்? இடது கண்ணாகத்தான் இருக்கும், நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றால் நோயாளி அசையவில்லை. வலது கண்தான் டாக்டர்!

வேறொருவராக இருந்தால் நோயாளிக்கு நினைவு தப்பிவிட்டது என்று எழுதி மூடியிருப்பார். ஃபிஷர் நோயாளியை நம்பினார். வலது கண்ணுக்கும் வலப்பக்க மூளைக்கும் பொதுவாக ரத்தம் தருவது எது? வலது கழுத்துத் தமனி. அது மூளைக்குள் நுழைந்ததும் விடும் முதல் பெரிய கிளை கண்ணுக்குத்தான் போகிறது. ஆக, தகராறு மூளையில் இல்லை, கழுத்தில்.

இதை நிரூபிக்க இறந்தவர்களின் கழுத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு விசித்திரமான தடை இருந்தது. அங்கெல்லாம் இறந்தவர் உடலைப் பதப்படுத்தி, முகத்தை அழகுபடுத்திப் பார்வைக்கு வைக்கும் வழக்கம் உண்டு. பதப்படுத்தும் மருந்தை முகத்துக்கு ஏற்றுவது இதே கழுத்துத் தமனி வழியாக. அதனால் பிரேதப் பரிசோதனை செய்பவர்கள் கழுத்தைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். மூளை ஒரு பக்கம், இதயம் ஒரு பக்கம் எடுத்துப் பார்ப்பார்கள், நடுவில் இருக்கும் ஒரு சாண் குழாயை மட்டும் பார்க்க மாட்டார்கள்! இத்தனை காலம் விஷயம் மறைந்திருந்ததற்கு இதைவிடச் சப்பையான காரணம் இருக்க முடியாது. ஃபிஷர் திறந்து பார்த்தார். கவட்டைக்குச் சற்று மேலே குழாய் அடைத்துக் கிடந்தது. 1951-ல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. என்றாவது ஒருநாள் அறுவை மருத்துவர்கள் இந்த அடைப்பைத் தாண்டி ரத்தத்தைக் கொண்டுபோக வழி கண்டுபிடிப்பார்கள் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

அந்த 'என்றாவது' உடனே வந்துவிட்டது. அதே 1951 அக்டோபரில் புவனோஸ் ஐரிஸில் கரேயா என்பவரின் குழு கழுத்துத் தமனியை வெட்டி ஒட்டியது. 1953 ஆகஸ்டில் ஹூஸ்டனில் டிபேக்கி 53 வயது பஸ் டிரைவர் ஒருவருக்குக் குழாயைத் திறந்து உள்ளே படிந்திருந்ததைச் சுரண்டி எடுத்தார். அந்த மனிதர் மேலும் 19 வருடம் பக்கவாதம் இல்லாமல் வாழ்ந்தார். ஆனால் டிபேக்கி இதை விவரமாக எழுதியது 1975-ல்தான். அதற்குள் பெயரை லண்டன்காரர்கள் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

லண்டன் கதை 1954 மே 19-ல் நடந்தது. செயின்ட் மேரி மருத்துவமனையில் 66 வயதுப் பெண்மணி. ஐந்தாறு மாதங்களில் அவருக்கு 33 முறை தாக்குதல்! வலது கை கால் தளரும், பேச்சு குழறும், சில சமயம் இடது கண் இருட்டும், பிறகு எல்லாம் சரியாகிவிடும். எந்தத் தாக்குதல் நிரந்தரமாகத் தங்கப்போகிறதோ என்று தெரியாமல் காலையில் கண் விழிக்கும் வாழ்க்கை. ஈஸ்ட்காட்டும் ராபும் அவருடைய உடம்பைப் பனிக்கட்டி வைத்து 28 டிகிரிக்குக் குளிர வைத்து (குளிர்ந்தால் மூளைக்கு ரத்தத் தேவை குறையும் என்ற கணக்கு) கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் தைத்தார்கள். தாக்குதல்கள் நின்றன.

சரி, கதை சுபமாக முடிந்துவிட்டது என்று தோன்றும். இல்லை. குழாய் குறுகினால் பக்கவாதம் வருகிறது, குறுகலை எடுத்தால் நிற்கிறது, சரி. ஆனால் எப்படி வருகிறது? பெரும்பாலானவர்கள் யோசித்தது ஒரு குழாய்க்காரர் யோசிப்பது போல. பைப்பு குறுகினால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் செடி வாடும். ரத்த அழுத்தம் சற்று இறங்கும்போதெல்லாம் மூளை வாடுகிறது, ஏறினால் தெளிகிறது. எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள்!

ஆனால் கணக்கு உதைத்தது. மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று முதன்முதலில் மனிதர்களிடம் சரியாக அளந்தவர்கள் பிலடெல்பியாவின் கெட்டியும் ஷ்மிட்டும், 1940-களில். சிரிப்பு வாயு என்கிறார்களே, நைட்ரஸ் ஆக்சைடு, அதைக் கொஞ்சம் சுவாசிக்க வைத்து, மூளை அதை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று கணக்கிட்டார்கள். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 54 மில்லி. முழு மூளைக்கு முக்கால் லிட்டர். உடம்பின் எடையில் 2 சதவீதம் இருக்கிற மூளை, இதயம் அனுப்பும் ரத்தத்தில் 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது.

இவ்வளவு பெரிய செலவாளி, வரவு கொஞ்சம் குறைந்தால் உடனே திவாலாகிவிடுமா? ஆகாது. 1959-ல் கோபன்ஹேகனின் நீல்ஸ் லாசன் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு வளைகோடு போட்டார். ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பெரிய எல்லைக்குள் மூளையின் ரத்த ஓட்டம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. அழுத்தம் குறைந்தால் மூளைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தமனிகள் தாமாக விரிந்து கொடுக்கின்றன. கழுத்தில் குழாயின் விட்டம் பாதியாகும் வரை ஓட்டத்தில் சொல்லிக்கொள்கிற மாற்றம் இருக்காது. 70 சதவீதம் வாக்கில் குறுகும்போதுதான் அந்தக் குழாயில் ஓட்டம் இறங்க ஆரம்பிக்கும். அப்போதும் வில்லிஸ் வட்டம் ஒழுங்காக இருந்தால் மறுபக்கத்திலிருந்து ஈடுகட்டிவிடும். அதுவும் போதாவிட்டால், வருகிற ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட அதிகமாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். சேமிப்புக் கணக்கு, நகைக் கடன், கைமாற்று என்று அடுத்தடுத்து கைவைப்பது மாதிரி. எல்லாம் தீர்ந்து, ஓட்டம் 54-லிருந்து 20 வாக்கில் வந்தால்தான் மூளைச் செல்கள் வேலையை நிறுத்தும். 10 வாக்கில் போனால் சாக ஆரம்பிக்கும். 20-க்கும் 10-க்கும் நடுவில் மௌனமாக, ஆனால் உயிரோடு காத்திருக்கும் பகுதி ஒன்று இருக்கிறது என்று 1970-களில் கண்டுபிடித்தார்கள். பக்கவாதம் வந்தால் நேரம் கடத்தாமல் ஓடுங்கள் என்று இன்றைக்குச் சொல்வது அந்தப் பகுதியைக் காப்பாற்றத்தான்.

குறுகிய பைப்பு தத்துவம் உண்மையானால், நோயாளியின் ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கினால் அவருடைய பழைய தாக்குதல் திரும்ப வர வேண்டுமல்லவா? 1963-ல் லண்டனில் கெண்டலும் மார்ஷலும் அதையே செய்து பார்த்தார்கள். மருந்து கொடுத்து, படுக்கையைச் சாய்த்து, அழுத்தத்தை இறக்கினார்கள். (இன்றைக்கு இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டால் கிடைக்குமா என்பது சந்தேகம்.) நோயாளிகள் பொதுவாகத் தலைசுற்றி மயங்கும் நிலைக்குப் போனார்களே தவிர, அந்தக் குறிப்பிட்ட கை தளர்வதும் பேச்சுக் குழறுவதும் பெரும்பாலும் திரும்பவில்லை.

அப்போது உண்மையில் நடப்பது என்ன? அதை நேராகக் கண்ணால் பார்த்தவர் மறுபடியும் ஃபிஷர்தான். உடம்பில் தமனிகளை வெட்டாமலே பார்க்கக்கூடிய ஒரே இடம் கண்ணின் உட்திரை. ஒரு கண் இருட்டிப்போன நோயாளி ஒருவரை, தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் விளக்குக் கருவி வைத்துப் பார்த்தார். உட்திரைத் தமனியில் வெள்ளையாகத் துணுக்குகள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு கிளையில் சிக்கி நிற்கும், பிறகு உடைந்து நகரும், அடுத்த கிளையில் சிக்கும். 1959-ல் இதை எழுதினார். 1961-ல் மேயோ கிளினிக்கின் ஹாலன்ஹார்ஸ்ட், இதே மாதிரி நோயாளிகளின் கண் தமனிகளில் பளபளக்கும் கொலஸ்ட்ரால் துகள்களைக் காட்டினார். 1905-ல் கியாரி சொன்னது இதைத்தான். செடி வாடியது தண்ணீர் குறைந்ததால் இல்லை, பைப்பின் உட்புறத்திலிருந்து பெயர்ந்த துரு சொட்டுநீர்த் துளையில் போய் அடைத்துக்கொண்டதால்!

வெள்ளைத் துணுக்கு என்பது பெரும்பாலும் ரத்தத்தட்டுகள் ஒட்டிச் சேர்ந்த கட்டி. அப்படியென்றால் அவை ஒட்டாமல் செய்தால்? 1978-ல் கனடாவில் ஹென்றி பார்னெட் தலைமையில் 585 பேரிடம் நடத்திய ஆய்வில், சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை பக்கவாதத்தையும் மரணத்தையும் குறைத்தது. ஆஸ்பிரின் குழாயை ஒரு மில்லிமீட்டர்கூட அகலமாக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குள் அறுவை மருத்துவர்கள் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1971-ல் சுமார் 15,000 பேருக்குக் கழுத்துத் தமனியைச் சுரண்டினார்கள். 1985-ல் 1,07,000 பேருக்கு. பதினான்கு வருடத்தில் ஏழு மடங்கு! எந்தக் கம்பெனிக்கும் இப்படி ஒரு வளர்ச்சி இருந்தால் பங்குச்சந்தையில் கொண்டாடுவார்கள். ஆனால் யாருக்கு இதனால் லாபம் என்று உறுதியான சான்று அப்போது இல்லை. 1988-ல் 1,302 நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்த ஒரு ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு அறுவைகள் தேவையே இல்லாதவை என்றது. பத்தில் ஒருவருக்கு அறுவையாலேயே பக்கவாதமோ மரணமோ போன்ற பெரிய கேடு வந்திருந்தது. பக்கவாதத்தைத் தடுக்கப் போய் மேஜையிலேயே பக்கவாதம் வாங்கியவர்கள் இவர்கள்.

இன்னொரு பக்கம், முழுக்க அடைத்த குழாயைச் சுரண்ட முடியாது என்பதால், தலைத்தோலில் ஓடும் தமனியை மண்டையோட்டில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுபோய் மூளைத் தமனியோடு தைக்கும் வித்தையை 1967-ல் சூரிச்சில் யாசார்கில் செய்து காட்டினார். நுண்ணோக்கி வைத்துச் செய்யும் அபாரமான கைவேலை. பைப்பு தத்துவப்படி இது பலித்தே ஆக வேண்டும், புது ரத்தம் போகிறதே! அதே பார்னெட் 1,377 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த அறுவையும், மறுபாதிக்கு மருந்து மட்டும் என்று சோதித்தார். 1985-ல் முடிவு வந்தது. ஒட்டிய குழாய்களில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பக்கவாதம் குறையவில்லை. அறுவை மருத்துவர்கள் கொதித்துப்போனார்கள். வருடக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது.

பார்னெட் அடுத்து கழுத்துச் சுரண்டலையே சோதனைக்கு எடுத்தார். இதுவும் தோற்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 1991-ல் முடிவு வெளியானபோது ஆச்சரியம். அண்மையில் சின்னத் தாக்குதல் வந்து, குழாய் 70 முதல் 99 சதவீதம் குறுகியிருந்தவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அந்தப் பக்கம் பக்கவாதம் வந்தது. அறுவை செய்தவர்களில் 9 சதவீதம். சந்தேகத்துக்கே இடமில்லை. 1998-ல் வந்த அடுத்த பகுதியில், 50 முதல் 69 சதவீதம் குறுகியவர்களுக்குக் கொஞ்சம் லாபம், 50-க்குக் கீழே லாபமே இல்லை என்று தெரிந்தது.

ஒரே பார்னெட், ஒரே மாதிரி சோதனை. புது ரத்தம் கொண்டுவந்த அறுவை தோற்றது, துரு பிடித்த இடத்தைச் சுத்தம் செய்த அறுவை ஜெயித்தது. ஃபிஷர் 1959-ல் கண்ணுக்குள் பார்த்ததற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

தாக்குதலே வராமல் தற்செயலாகக் குறுகல் தெரிந்தவர்களின் கதை வேறு. 1995-ல் ஒரு அமெரிக்க ஆய்வில் ஐந்து வருடத்தில் 11 சதவீதம் என்றிருந்த ஆபத்து அறுவையால் 5 சதவீதம் ஆனது. 2004-ல் ஐரோப்பிய ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு கொலஸ்ட்ரால் மருந்துகள் பரவலாகி, மருந்து மட்டும் எடுப்பவர்களின் ஆபத்தே நன்றாகக் குறைந்துவிட்டது. அதனால் இந்தக் கூட்டத்தில் யாருக்குக் கத்தி, யாருக்கு வலைக்குழாய், யாருக்கு மாத்திரை என்ற சண்டை ஓயவில்லை.

பைப்பு தத்துவம் முழுக்கப் பொய்யா? அதுவும் இல்லை. கைமாற்று வரை எல்லாம் தீர்ந்துபோனவர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். படுத்திருந்து எழுந்து நின்றால் ஒரு கை தானாக உதறும், உட்கார்ந்தால் நிற்கும். 1962-ல் இதையும் ஃபிஷர் கவனித்து எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கு மூளையில் முதலில் அடிபடுவது இரண்டு தமனிகளின் எல்லைகள் சந்திக்கும் இடம். தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் சொன்னால் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதானே. இவர்களுக்குக் குழாயைத் திடீரென்று திறந்துவிட்டாலும் ஆபத்து உண்டு. பல வருடம் விரிந்தே கிடந்த சின்னத் தமனிகள் சுருங்க மறந்துபோய், புது வெள்ளத்தைத் தாங்காமல் தலைவலி, வலிப்பு, சில சமயம் ரத்தக்கசிவு வரை போகும் என்று 1981-ல் மேயோ கிளினிக்கின் சன்ட் எழுதினார்.

இந்தச் சிலரை மட்டும் பொறுக்கி எடுத்தால் யாசார்கிலின் அறுவை பலிக்குமோ? மூளை எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வந்தபிறகு அதையும் பார்த்துவிட்டார்கள். கழுத்துத் தமனி முழுக்க அடைத்து, மூளை கைமாற்று வாங்கிக்கொண்டிருப்பதாக ஸ்கேனில் உறுதியான 195 பேர். 2011-ல் முடிவு வந்தது. அறுவை செய்தவர்களுக்கு ஸ்கேனில் மூளை தெளிந்திருந்தது, ரத்தம் உண்மையிலேயே போனது. பிற்பாடு அவர்களுக்குப் பக்கவாதமும் குறைவாகவே வந்தது. ஆனால் அறுவை முடிந்த முதல் 30 நாளில் மட்டும் அவர்களில் 14 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. மருந்துக் கூட்டத்தில் அதே 30 நாளில் 2 சதவீதம். இரண்டு வருடக் கடைசியில் கணக்கு முடித்தபோது இந்தப் பக்கம் 21.0, அந்தப் பக்கம் 22.7. சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.